ஃப்ரிட்ஜில் ஒட்டிய தேதி

மார்ச் 4, செவ்வாய்

இன்றைய தவறு: இரத்தப் பரிசோதனைக் கட்டணத்தை ஒவ்வொரு மாதமும் இரண்டு முறை கழித்திருக்கிறேன்.

மாலை வகுப்பில் கணக்குப்பதிவு சொல்லித்தரும் சார், நாட்குறிப்பு எழுதுபவர்கள் அன்றைய தவறை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்கிறார். அப்போதுதான் மீதிப் பக்கத்தில் பொய் எழுதக் கை வராதாம். வகுப்பில் மற்றவர்கள் தவறைத் தேடி எழுதுகிறார்கள். எனக்கு எதை எழுதுவது, எதை விடுவது என்பதுதான் சிரமம்.

நடந்தது இதுதான். "மருத்துவமனை" என்ற கட்டத்தில் ஒரு முறை, "லேப்" என்ற கட்டத்தில் ஒரு முறை. ஒரே ரசீதை இரண்டு இடத்தில் ஏற்றியிருக்கிறேன். பகலில் டைல்ஸ் கடையில் பில் போடுகிறவள் நான். வாடிக்கையாளருக்கு இப்படிச் செய்திருந்தால் முதலாளி என்னை ஒரு டைல்ஸ் பெட்டியோடு சேர்த்து வெளியே வைத்திருப்பார்.

அம்மாவுக்கு இரத்தப் புற்றுநோய். தெரிந்து எட்டு மாதம் ஆகிறது. "கெட்டதில் கொஞ்சம் நல்ல வகை" என்றார் டாக்டர். தினம் ஒரு மாத்திரை. நாள் தவறக்கூடாது. மாத்திரை வேலை செய்கிறவரை அம்மா எல்லோரையும் போல நடமாடலாம். டாக்டர் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "மாத்திரை என்ன விலை?"

அம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். எந்த விலையையும் பாடத்தில்தான் கணக்குப் போடுவாள். ஒரு மாத்திரை என்றால் இரண்டு பாடம். அதாவது இரண்டு மாணவர்கள், எட்டு ரிவர்ஸ், அம்மாவின் தொண்டை. அப்பா நான் ஆறாவது படிக்கும்போதே போய்விட்டார். வாடகையும் சாப்பாடும் என் சம்பளத்தில் நடக்கின்றன. மருந்துக்கென்று ஸ்கூலின் இரண்டு கார்களில் ஒன்றை நவம்பரில் விற்றோம். டிசம்பர் முதல் தேதி அந்தப் பணத்தை மாதச் செலவால் வகுத்து, பெரிய தாளில் அட்டவணை போட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். தாளின் அடியில் சிவப்பு மையில் எழுதினேன்: "பணம் தீரும் நாள்: ஆகஸ்ட் 19."

அம்மா அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, பெட்ரோல் முள் மாதிரி இருக்கு" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது இரட்டைக் கழிவைச் சரிசெய்தால் தேதி அக்டோபர் 23 என்று வருகிறது. இரண்டு மாதத்துக்கும் மேலே! ஆனால் இதை இன்னும் ஃப்ரிட்ஜில் மாற்றவில்லை. ஒரு திருத்தத்தை மூன்று தனித்தனி நாளில் சரிபார்த்த பிறகே பேரேட்டில் ஏற்ற வேண்டும் என்பது சாரின் விதி. இன்று முதல் நாள். அதோடு, நான் போட்ட கணக்கு ஒரு முறை தப்பியது என்றால் மறுமுறை தப்பாது என்று யார் சொன்னது? பொய்யான சந்தோஷம் கொடுப்பதைவிட இரண்டு நாள் பொறுப்பது மேல்.

மார்ச் 6, வியாழன்

இன்றைய தவறு: டாக்டரிடம் கேட்க ஒன்பது கேள்விகள் எழுதிக்கொண்டு போய், ஏழுதான் கேட்டேன்.

மருத்துவமனைக்கு நாங்கள் மூன்று பேர் போவது வழக்கம். மூன்றாவது ஆள் அம்மாவின் தம்பி. ஊரே அவரைத் தள்ளுபடி என்றுதான் கூப்பிடுகிறது. நானும் தள்ளுபடி மாமா என்றே கூப்பிடுகிறேன். அவர் கோபித்துக்கொள்வதில்லை. பட்டம் இலவசமாகக் கிடைத்ததாம்.

ஸ்கேன் கவுண்டரில் ஒரு முறை, "ரெண்டு பேர் சேர்ந்து எடுத்தா குறையுமா? நானும் படுத்துக்கறேன்" என்று கேட்டவர் அவர். கவுண்டர் பெண் சிரித்துக்கொண்டே பாதுகாவலரைக் கூப்பிட்டாள்.

இன்று சிரிக்க ஒன்றும் இல்லை. டாக்டரம்மா இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். போன தடவைத் தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நோயோட அளவு நவம்பர் வரைக்கும் நல்லா இறங்கிட்டு வந்துச்சு. இப்ப மறுபடி ஏறுது. மாத்திரை ஒழுங்கா எடுக்கறீங்களாம்மா?"

"ஒரு நாளும் விடறதில்ல டாக்டர்" என்றாள் அம்மா.

"அப்ப இந்த மருந்து உங்க உடம்புல வேலை செய்யறதை நிறுத்துதுன்னு அர்த்தம். அடுத்த மருந்துக்கு மாறணும். திங்கக்கிழமை வாங்க, ஆரம்பிச்சிடலாம். தள்ளிப்போடக் கூடாது."

டாக்டர் வேகமாகப் பேசும்போதெல்லாம் அம்மாவின் கால் தரையை மிதிக்கும். ஸ்கூல் காரில் சொல்லித்தருபவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இருபத்திரண்டு வருடப் பழக்கம். இன்று மேஜைக்கு அடியில் அவள் கால் மிதித்த மிதிக்கு ஒரு லாரியே நின்றிருக்கும்.

"புது மாத்திரை என்ன விலை?" என்றாள்.

பழையதைப்போல மூன்று மடங்கு. ஒரு மாத்திரைக்கு ஆறு பாடம்.

என் பட்டியலில் கேட்காமல் விட்ட எட்டாவது கேள்வி: "ஒரு நாள் மாத்திரை விட்டுப்போனால் என்ன செய்ய வேண்டும்?" அம்மாதான் ஒரு நாளும் விடுவதில்லையே என்று அடித்துவிட்டேன். ஒன்பதாவது, கார் ஓட்டலாமா என்பது. அதற்கு என்ன பதில் வந்தாலும் அம்மா ஓட்டுவாள்.

வெளியே வந்தால் மாமாவைக் காணோம். கீழ்த்தளத்தில் நோயாளர் உதவி மையம் என்று ஒரு சின்ன அறை இருக்கிறது. எட்டு மாதமாக அதைத் தாண்டித்தான் போய் வந்திருக்கிறோம். தள்ளுபடி எங்கே இருக்கும் என்று மாமாவின் மூக்குக்குத் தெரியும். ஒரு படிவத்தோடு வந்தார்.

"ஏய் கணக்குப்பிள்ளை, இதைக் கேளு. மருந்து கம்பெனியே உதவித் திட்டம் வெச்சிருக்கானாம். பழைய மாத்திரைன்னா ஒரு மாசம் வாங்கினா ரெண்டு மாசம் இலவசம். நான் கேட்காமலே சொல்றாங்க! எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"புது மாத்திரைக்கு?"

மாமா படிவத்தை மடித்தார். "அதுக்கு இன்னும் வரலையாம்."

ஆகவே கணக்கு இப்படி நிற்கிறது. உதவி கிடைக்கும் மாத்திரை அம்மாவுக்கு வேலை செய்யவில்லை. வேலை செய்யப்போகும் மாத்திரைக்கு உதவி இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று படிவத்தை நிரப்பி வைத்தேன். நிரப்பாத படிவம் வீட்டில் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. ஆறாம் வரி: "கடந்த ஆறு மாதத்தில் மாத்திரை எடுக்கத் தவறிய நாட்கள்." சுழி போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள்: "இன்னொரு காரையும் வித்துடலாம்."

"வித்துட்டு எதுல சொல்லிக்கொடுப்பே?"

"நாற்காலியப் போட்டு உக்காந்து சொல்லிக்கொடுக்கறேன். பாதிப் பேருக்கு அதுவே போதும், அவங்க ஓட்டற லட்சணத்துக்கு."

அக்டோபர் 23 சரிதான் என்று இன்று இரண்டாம் முறை பார்த்தேன். ஆனால் மூன்று மடங்கு விலையில் அந்தத் தேதியை வைத்து என்ன செய்வது? ஃப்ரிட்ஜ் பக்கமே போகவில்லை.

மார்ச் 8, சனி

இன்றைய தவறு: கார் வாங்க வந்தவரிடம் காரின் குறைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். மொத்தம் பதினான்கு. மாமா அந்தத் தாளைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளாத குறை.

வாங்க வந்தவர் அடுத்த தெருவில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். அம்மாவிடம் கற்றவர். லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு முறை விழுந்து மூன்றாம் முறை தேறினார். பன்னிரண்டு வருடம் ஆகிறது. இப்போது அவரிடம் நான்கு கார்கள் இருக்கின்றன. ஆனாலும் அம்மாவுக்கு அவர் மூணாந்தடவைதான்.

"வா மூணாந்தடவை. கேட்டை இடிக்காம வந்துட்டியே."

"நடந்து வந்தேன் மேடம்."

கார் வாசலில் நின்றது. இடது கதவின் கீறல் ஒரு வங்கி மேலாளர் போட்டது. பின் பம்பரின் குழி ஒரு கல்யாணப் பெண்ணுடையது. மறுநாள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அன்றைக்கு ரிவர்ஸ் பழகினாள். மூணாந்தடவை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்து, முன் விளக்குக்குக் கீழே நின்றார்.

"இது என்னுது, மேடம்."

"தெரியும். அதுக்கும் சேர்த்துத்தான் விலை."

அவர் ஒரு தொகை சொன்னார். பிறகு மாமாவைப் பார்த்து, "கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்க அண்ணே" என்றார்.

மாமா வாழ்நாள் முழுக்க அடுத்தவரிடம் கேட்ட கேள்வி இது. முதல் முறையாக அவரை நோக்கி வந்திருக்கிறது. "இப்படிக் கேட்க உங்களுக்கு வெட்கமா இல்லையா?" என்றார். அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டோம்.

"சரி, ஸ்டெப்னி இருக்கா?" என்றார் மூணாந்தடவை.

"அது எதுக்கு இப்ப?" என்றாள் அம்மா. கொஞ்சம் வேகமாகவே சொன்னாள்.

"நீங்கதான சொல்லிக்கொடுத்தீங்க மேடம். வண்டி வாங்கும்போது முதல்ல ஸ்டெப்னியைப் பாருன்னு."

டிக்கியைத் திறந்தார். பாயை விலக்கி, மாற்றுச் சக்கரத்தை அவரும் மாமாவுமாகத் தூக்கினார்கள். அடியில், ஜாக்கி வைக்கும் குழியில், ஒரு பிஸ்கட் டப்பா. மாமா குலுக்கிப் பார்த்தார். கலகலவென்றது. திறந்தார்.

உள்ளே பஞ்சு விரித்து, அதன்மேல் மாத்திரைகள். அம்மாவின் மாத்திரைகள். எனக்கு அந்த மஞ்சள் நிறம் கனவிலும் தெரியும்.

"என்னம்மா இது?"

அம்மா டப்பாவைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், ஆகாயத்தைப் பார்த்தாள். "ஸ்டெப்னி" என்றாள்.

எண்ணினேன். மறுபடி எண்ணினேன். மாமாவையும் எண்ணச் சொன்னேன். இருபத்தாறு.

மூணாந்தடவை கிளம்பப் பார்த்தார். "நில்லுடா, உன் முன்னாடிதானே எல்லாம் ஆச்சு" என்று அம்மாவே அவரை நிறுத்திவைத்தாள். யாராவது வெளியாள் இருந்தால் நாங்கள் கத்தமாட்டோம் என்று கணக்குப் போட்டிருப்பாள். மாமா கத்தினார்.

"அக்கா, உனக்குப் புத்தி இருக்கா? டாக்டர்கிட்ட ஒரு நாளும் விடலேன்னு சொன்னே!"

"பாடம் எடுக்கற நாள்ல ஒரு நாளும் விடல. ஞாயித்துக்கிழமை பாடம் இல்ல. லீவு விட்ட நாள்லயும் பாடம் இல்ல. வண்டி ஓடாத நாள்ல பெட்ரோல் எதுக்கு?"

டிசம்பரிலிருந்து பதிமூன்று ஞாயிறு. பதிமூன்று லீவு நாள். கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. அம்மா என்னைவிட நன்றாகக் கணக்கு வைத்திருக்கிறாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்றேன்.

"நீதானேடி எழுதி ஒட்டினே? ஆகஸ்ட் பத்தொன்பதோட தீர்ந்துடும்னு. அதுவும் சிவப்பு மையில. முள்ளு சிவப்புக்கு வந்துட்டா யாராவது ஆக்சிலரேட்டரை அமுக்குவாங்களா? உருட்டிக்கிட்டு வந்தேன். தீர்ந்தப்புறமும் ஒரு மாசம் ஓட்டலாமேன்னு சேர்த்து வெச்சேன்."

மாற்றுச் சக்கரத்தின்மேல் உட்கார்ந்தேன்.

"அந்தத் தேதி தப்பு" என்றேன். "அக்டோபர் இருபத்திமூணு. செவ்வாய்க்கிழமையே கண்டுபிடிச்சுட்டேன். மூணு நாள் சரிபார்த்துட்டு மாத்தலாம்னு..."

மூணாந்தடவை தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்ப... பழைய மாத்திரை வேலை செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கலாமில்ல? எடுக்காததாலதான் ஏறிச்சோ என்னவோ?"

மாமா படிவத்தை நினைத்தார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. ஒரு மாதம் வாங்கினால் இரண்டு மாதம் இலவசம்.

"டாக்டர்கிட்ட சொல்லிடுக்கா. திங்கக்கிழமையே சொல்லிடு."

"மாட்டேன்" என்றாள் அம்மா.

"ஏன்?"

"அந்த டாக்டரம்மா என்கிட்டதான் கார் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. அவங்க முன்னாடி போய் நான் பொய் சொன்னேன்னு நிக்கச் சொல்றியா? வண்டியை வித்து புது மாத்திரையே வாங்கிக்கறேன்."

அம்மாவின் ஸ்கூலில் ஒரு சட்டம் உண்டு. நடுரோட்டில் எஞ்சினை நிறுத்திவிட்டு, "மேடம், வண்டியில ஏதோ கோளாறு" என்று சொல்லும் மாணவரை அம்மா விடமாட்டாள். பின்னால் எத்தனை ஹாரன் அடித்தாலும் சரி, "வண்டி மேல தப்பில்ல, என் கால் மேல தப்பு" என்று சத்தமாகச் சொன்ன பிறகுதான் மறுபடி சாவியைத் திருப்ப விடுவாள். டாக்டரம்மாவும் சொல்லியிருப்பார். மூணாந்தடவை எத்தனை முறை சொன்னாரோ, அவருக்கே கணக்குத் தெரியாது.

அவர் போகும்போது வாசலில் நின்று, "வண்டி மேல தப்பில்ல மேடம்" என்று மட்டும் சொன்னார். மீதியைச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. விலையைப் பற்றிப் பேசவே இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

இன்றைய தவறு என்று புதிதாக ஒன்றும் இல்லை. டிசம்பர் முதல் தேதி செய்த தவறே போதும்.

காலையில் அம்மா மாத்திரையை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை மாத்திரை. வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, மாணவர்கள் சீட் பெல்ட்டைக் காட்டுவதுபோல் வாயைத் திறந்து காட்டினாள்.

"போதுமா ஆபீசர்?"

"நாக்கைத் தூக்கு."

"உதை வாங்குவே."

ஆனால் டாக்டரிடம் சொல்வதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. எப்படி வற்புறுத்துவது? நான் சிவப்பு மையில் எழுதியதை நம்பித்தான் அவள் உருட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. மூணாந்தடவை சொன்னது வெறும் ஊகம். அம்மா சொல்லியும் டாக்டர் புது மருந்துதான் என்று சொல்லிவிட்டால்? உடம்பு நிஜமாகவே அந்த மாத்திரைக்குப் பழகிவிட்டிருந்தால்? இந்தக் கணக்கை என்னால் போட முடியாது. டாக்டரால் மட்டும்தான் முடியும். ஆனால் அவரிடம் இருக்கும் எண்கள் பொய். என் தவறான கழிவைப்போலவே, தப்பான எண்ணை வைத்துச் சரியான கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

இதைத்தான் அம்மாவிடம் சொன்னேன். அவள் சாவியை எடுத்தாள். "வா, ஒரு ரவுண்டு போகலாம். விக்கறதுக்கு முன்னாடி."

கடைத்தெருவின் முனையில் சிக்னல். சிவப்பு விழுந்ததும் வழக்கம்போல் எஞ்சினை அணைத்தாள். பச்சை விழுந்தது. சாவியைத் திருப்பினாள். கிளச்சை விட்டாள். கார் ஒரு குதி குதித்து நின்றுவிட்டது.

அம்மா எஞ்சினை இப்படி நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. பின்னால் ஒரு ஹாரன். இரண்டு. பிறகு தெருவே அடித்தது. பக்கத்தில் ஸ்கூட்டரில் ஒரு பெண் கார் கூரையின் எல் போர்டைப் பார்த்து, "பாவம், புதுசு போல" என்றாள்.

அம்மா சாவியைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காத்திருந்தேன். சட்டம் எனக்கும் தெரியும்.

"வண்டி மேல தப்பில்ல" என்றாள். பிறகு, "மாத்திரை மேலயும் தப்பில்ல. என் மேல தப்பு."

"சத்தமா."

"என் மேல தப்புடி!"

ஸ்கூட்டர் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப நீ சொல்லு" என்றாள் அம்மா.

"நானா?"

"கணக்கு யாரோடது?"

சொன்னேன். பச்சை போய்ச் சிவப்பு வந்து மறுபடி பச்சை வந்திருந்தது. ஹாரன் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. அம்மா சாவியைத் திருப்பினாள். கார் வெண்ணெய்போல் நகர்ந்தது.

"டாக்டரம்மா திட்டுவாங்க" என்றாள் அடுத்த திருப்பத்தில்.

"திட்டட்டும்."

"அவங்க பார்க்கிங் ரொம்ப மோசம். அதைச் சொல்லிக் காட்டுவேன்."

மாமாவிடம் போனில் சொன்னேன். மூணாந்தடவையிடம் கார் இப்போதைக்கு விற்பனைக்கு இல்லை என்று அவர் சொல்லிவிடுவாராம். அதோடு ஒரு சந்தேகம் கேட்டார். அந்த இருபத்தாறு மாத்திரையையும் திருப்பிக் கொடுத்தால் மருந்துக் கடையில் எடுத்துக்கொள்வார்களா? டிக்கியின் சூட்டில் மூன்று மாதம் கிடந்த மாத்திரையை யார் எடுப்பார்கள் என்றேன். "கேட்டுப் பார்க்கறதுல என்ன போச்சு?" என்றார்.

சாயங்காலம் மூன்றாம் முறையாகக் கணக்கைச் சரிபார்த்தேன். அக்டோபர் 23தான். ஃப்ரிட்ஜில் மாற்றப் போனபோது அங்கே தேதி இல்லை. அம்மா அதன்மேல் ஒரு பழைய எல் போர்டை ஒட்டியிருந்தாள். தாளையே எடுத்துவிட்டேன். புதிதாக ஒன்று ஒட்டினேன். அதில் விலை இல்லை, மீதி இல்லை, பணம் தீரும் தேதியும் இல்லை. நாளுக்கு ஒரு கட்டம் மட்டும், ஞாயிறு உட்பட. இன்றைய கட்டத்தில் அம்மா டிக் போட்டிருக்கிறாள். பணக் கணக்கு இனி என் நோட்டில் மட்டும்.

நாளைய வேலை: காலை எட்டரைக்கு மருத்துவமனை. அம்மா ஓட்டுவாள். பிஸ்கட் டப்பா, படிவம், கறுப்புப் பேனா எடுத்துக்கொள்ள வேண்டும். டாக்டரிடம் முதலில் அம்மா பேசுவாள். அதன் பிறகு எட்டாவது கேள்வியை நான் கேட்க வேண்டும். ஆறாம் வரியில் சுழியை அடித்து, இருபத்தாறு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.